கூட்டம் எந்த மாடியில் நடக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் உதவித்தொகை பற்றியும் அடையாள அட்டை பற்றியும் கேட்டவை குறைவு. தெருவையும் வார்டையும் நகரத்தையும் பற்றி முடிவெடுக்கும் இடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன பங்கு என்று பலர் கேட்டிருக்கிறார்கள். இந்தப் பகுதியைப் பல ஆண்டுகளாக எழுதிவரும் எனக்கு இதில் பெரிய மகிழ்ச்சி. ஆகவே இந்த இதழை முழுவதும் அவர்களுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: அம்மா, நான் சக்கர நாற்காலியில் இருப்பவன். எங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம் என்று அறிவித்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் கூட்டம் முதல் மாடியில், லிஃப்ட் கிடையாது. "அதனாலென்ன சார், நாங்க தூக்கிட்டுப் போறோம்" என்று நான்கு இளைஞர்கள் என்னை நாற்காலியோடு தூக்கினார்கள். அன்பாகத்தான் செய்தார்கள். ஆனால் படிக்கட்டுத் திருப்பத்தில் நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தபோது எனக்கு உயிர் போய் வந்தது. கூட்டம் முடியும் வரை எப்படி இறங்குவது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். மழைநீர் வடிகாலைப் பற்றிப் பேசப் போனவன், பேசாமலேயே திரும்பிவிட்டேன். அடுத்த கூட்டத்துக்குப் போவதா, வேண்டாமா? – வாசகர், அயனாவரம்.

பதில்: கட்டாயம் போக வேண்டும். ஆனால் அடுத்த முறை உங்களைத் தூக்கிச் செல்ல யார் முன்வந்தாலும், எவ்வளவு அன்போடு முன்வந்தாலும், சம்மதிக்காதீர்கள்.

இதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். இரண்டு வயதில் போலியோ வந்து, நாற்பது வயது வரை காலிப்பரும் (காலைத் தாங்கும் இரும்புச் சட்டம்) ஊன்றுகோலுமாக நடந்து, பிறகு சக்கர நாற்காலிக்கு மாறியவள் நான். பத்திரப் பதிவுக்கும், மகனின் பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்துக்கும், ஒருமுறை மாற்றுத்திறனாளிகளுக்கென்றே நடந்த குறைதீர்க்கும் கூட்டத்துக்கும்கூட என்னைத் தூக்கிக்கொண்டுதான் படியேறினார்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் வாயில் முதலில் வருவது நன்றி. நன்றி சொன்ன அதே வாயால், அடுத்த நிமிடமே "இந்தக் கட்டடம் சட்டப்படி இல்லை" என்று சொல்ல எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. வடிகாலைப் பற்றிப் பேசாமல் வந்துவிட்டோமே என்று உங்களை நொந்துகொள்ள வேண்டாம். உங்கள் வாயைக் கட்டியது அந்தப் படிக்கட்டுதான்.

சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள் உள்ளன. ஒவ்வொரு வார்டும் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசுவதற்கென்று பகுதி சபை ஏற்படுத்தப்பட்டிருக்கிறது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாள் அன்று இந்தக் கூட்டங்கள் தமிழ்நாட்டின் நகரங்களில் தொடங்கின. அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் சபையின் உறுப்பினரே என்பதால், அங்கே நீங்கள் யாருடைய விருந்தாளியும் இல்லை. ஓர் உறுப்பினர் தம் சக்கரங்களாலேயே வந்து சேர முடியாத இடத்தில் அந்தச் சபையைக் கூட்டியிருக்கக் கூடாது.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், ஏற்கெனவே கட்டி முடிக்கப்பட்ட பொதுக் கட்டடங்கள் அனைத்தையும், விதிகள் வெளியான நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் எல்லோரும் பயன்படுத்தத்தக்கவையாக மாற்ற வேண்டும் என்கிறது. விதிகள் 2017 ஜூனில் வெளியாயின. ஆகவே அந்தக் கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. பின்பற்றினால் நல்லது என்ற அளவில் இருந்த அணுகல் விதியை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் செல்லாது என்று அறிவித்து, கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய அளவுகோல்களை வகுக்கும்படி ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே, வார்டு கவுன்சிலருக்கும் மண்டல அலுவலருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். பத்துக் குறைகளை அடுக்காமல், கூட்டத்தைத் தரைத்தளத்தில் நடத்த வேண்டும் என்ற ஒரே கோரிக்கையை வையுங்கள். மாநகராட்சிப் பள்ளியின் கீழ்த்தள வகுப்பறை, சமுதாய நலக்கூடம் என்று இரண்டு மூன்று இடங்களை நீங்களே குறிப்பிட்டால் "இடமில்லை" என்ற பதில் வராது. நகலில் கையொப்பமும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தட்டிக்கழித்தால், காமராஜர் சாலையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் அந்த நகலோடு புகார் கொடுக்கலாம். ஆணையருக்கு விசாரணையில் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்கள் உண்டு. அவர் ஒரு பரிந்துரை செய்தால், எடுத்த நடவடிக்கையைச் சம்பந்தப்பட்ட அலுவலகம் மூன்று மாதங்களுக்குள் அவருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

"கீழேயே வைத்துவிட்டோம், சாய்தளமும் போட்டுவிட்டோம்" என்று சொன்னாலும் ஒரு நாள் முன்னதாக யாரையாவது தையல் டேப்போடு அனுப்பி அளந்து பார்த்துவிடுங்கள். ஓர் அங்குலம் உயர்வதற்கு 12 அங்குல நீளம் வேண்டும் என்பது கணக்கு. படி ஒன்று 7 அங்குலம் என்றால் சாய்தளம் 7 அடி நீளம் இருக்க வேண்டும். மூன்று படிகளுக்கு 21 அடி. நான் அடிக்கடி போக நேர்ந்த ஓர் அலுவலகத்தில் மூன்று படிகளின் மேல் வெறும் 5 அடிக்குச் சிமெண்ட் பூசி, அதைச் சாய்தளம் என்று வைத்திருந்தார்கள். அதில் ஏறும்போது நாற்காலியின் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பிவிட்டன. வாசலில் இருந்த காவலாளி ஓடிவந்து முதுகைக் கொடுத்துத் தாங்கியதால்தான் மல்லாந்து விழாமல் தப்பினேன். அடுத்த முறை போனபோது அந்தச் சாய்தளத்தில் வரிசையாகப் பூந்தொட்டிகள் இருந்தன. எவராலும் ஏற முடியாத சாய்தளம் பூந்தொட்டி வைக்கத்தானே பயன்படும்!

கூட்டம் கீழே நடக்கும் நாளில், முதலில் வடிகாலைப் பற்றிப் பேசுங்கள். மாற்றுத்திறனாளி என்றால் சாய்தளத்தைப் பற்றித்தான் பேசுவார் என்று அங்கே உள்ளவர்கள் எதிர்பார்ப்பார்கள். மழை பெய்தால் உங்கள் தெருவிலும் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது; அதைப் பற்றிப் பேச உங்களுக்கு எல்லோரையும் போல உரிமை உண்டு, அந்தத் தண்ணீரில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகிறவர் என்பதால் எல்லோரையும் விட அதிக அனுபவமும் உண்டு.

கேள்வி: உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமிக்கச் சட்டம் வந்திருப்பதாகப் படித்தேன். ஆனால் அவர்களுக்கு மன்றத்தில் வாக்குரிமை கிடையாதாமே. இது வெறும் அலங்காரப் பதவிதானே? – வாசகி, தண்டையார்பேட்டை.

பதில்: 2025 ஏப்ரலில் இதற்கான இரண்டு சட்ட முன்வடிவுகளை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். ஒன்று நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு, மற்றது ஊராட்சிகளுக்கு. தமிழ்நாட்டின் நகர்ப்புற மன்றங்கள் அனைத்திலும் சேர்த்து 35 மாற்றுத்திறனாளிகளே உறுப்பினர்களாக இருக்கிறார்கள் என்றும், நியமனத்தின் வழியாக அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 650 ஆக உயரும் என்றும் அப்போது அவர் தெரிவித்தார். வாக்குரிமை பற்றி நீங்கள் படித்தது சரிதான். நகர்மன்றங்களில் நியமிக்கப்படுகிறவர்களுக்கு வாக்கு இல்லை என்று அரசமைப்புச் சட்டத்தின் 243ஆர் பிரிவே சொல்கிறது.

எனக்கும் முதலில் மனம் சலித்தது உண்மை. ஆனாலும் அலங்காரப் பதவி என்று நான் ஒதுக்கமாட்டேன். மன்றக் கூட்டத்தில் பேசியது பதிவாகும்; பதிவானதை வைத்து மாநகராட்சி ஆணையரைக் கேள்வி கேட்கலாம், நீதிமன்றம் வரை கொண்டுபோகலாம். என் கவலை வேறு. நியமிக்கப்படுகிறவர் தம்மை நியமித்தவர்களுக்குக் கடமைப்பட்டவராக உணர்ந்து, நம்மோடு பேச்சையே நிறுத்திவிடக் கூடும். அதைத் தடுப்பது நம் கையில் இருக்கிறது. ஒவ்வொரு மன்றக் கூட்டத்துக்கு முன்பும் உங்கள் ஊர் உறுப்பினரைச் சந்தித்து, நீங்கள் பேச விரும்பும் மூன்று விஷயங்களைத் தாளில் எழுதிக் கொடுங்கள். கூட்டம் முடிந்ததும் அவற்றில் எதைப் பேசினார் என்று கேளுங்கள். போகும்போது காது கேளாதவர், பார்வையற்றவர், அறிவுசார் குறைபாடு உள்ளவரின் பெற்றோர் ஆகியோரையும் அழைத்துச் செல்லுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றிருந்தாலும், மேடையில் பேசக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் என்னைப் போலக் கால் ஊனமுற்றவர்களுக்கே போய்விடுகிறது.

வாக்குரிமையுள்ள இடம்தான் வேண்டும் என்றால் தேர்தலில் நிற்க வேண்டும். அந்த எண்ணம் உங்களுக்கு இருப்பதாகக் கடிதத்தின் தொனி சொல்கிறது. நில்லுங்கள்.

கேள்வி: கல்லூரி மாணவன் நான். மனு கொடுப்பதாலும் போராடுவதாலும் சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கு உண்மையிலேயே ஏதாவது கிடைத்திருக்கிறதா? – வாசகர், திருவல்லிக்கேணி.

பதில்: உங்கள் வீட்டிலிருந்து பார்க்கக்கூடிய தொலைவிலேயே ஒன்று இருக்கிறது, தம்பி. மெரினாவின் மணலில் சக்கர நாற்காலி நகராது. மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டுகள் விடாமல் கேட்டதன் விளைவாக, முதலில் டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் நாளையொட்டிச் சில நாட்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை போடப்பட்டது. ஆண்டுக்குச் சில நாள் கடல் போதாது என்று மறுபடியும் கேட்டார்கள். 2022 நவம்பர் 27 அன்று, விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, 263 மீட்டர் நீளத்தில் நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. அடுத்த இரண்டு வாரங்களுக்குள் மாண்டஸ் புயல் வந்து அதன் ஒரு பகுதியைப் பெயர்த்துப் போட்டது. "சொன்னோமே, இதெல்லாம் வீண் செலவு" என்றவர்கள் உண்டு. மழை வந்து பெயர்த்த தார்ச்சாலையை வீண் செலவு என்று எவரும் சொல்லிக் கேட்டதில்லை, மறுபடி போடுகிறோம். பாதையும் சீராக்கப்பட்டது.

மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்த நான் கடலை அதுவரை சாலையோரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன். அந்தப் பலகைகள் கடகடவென்று சத்தமிட, என் கைகளாலேயே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு முனைவரை போய் நின்றபோது உப்புத் தூறல் முகத்தில் அடித்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைக்கத் துடைக்க மறுபடி மங்கியது. அதில் எவ்வளவு கடல்நீர், எவ்வளவு கண்ணீர் என்று எனக்கே தெரியவில்லை.

பேருந்து இன்னொன்று. தாழ்தளப் பேருந்துகள் வேண்டும் என்ற கோரிக்கை சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2024 ஆகஸ்டில் 58 புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. நிறுத்தத்தில் அந்தப் பேருந்து ஒருபக்கமாகச் சற்றுத் தாழும். வாசலில் மடித்து வைத்திருக்கும் பலகையை நடத்துநர் விரித்துப் போட்டால் ஏறிக்கொள்ளலாம். ஆனால் நிறுத்தத்தை அடைத்துக்கொண்டு ஆட்டோக்கள் நிற்கும்போது பேருந்து நடுச்சாலையிலேயே நின்றுவிடுகிறது. நடைபாதையின் மேல் விரிய வேண்டிய பலகை சாலையில் விரிந்தால், சாய்வு செங்குத்தாகி ஏற முடியாமல் போகிறது. பேருந்து வாங்கியதோடு வேலை முடியவில்லை என்பதால், உங்களைப் போன்ற இளைஞர்கள் ஒவ்வொரு நிறுத்தமாகப் போய்ப் பார்த்துப் படம் எடுத்துப் புகார் செய்ய வேண்டும்.

கேள்வி: என் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம். 19 வயதாகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க விண்ணப்பிக்கலாமா என்று கேட்டதற்கு, "அவளுக்கு எதுக்குங்க ஓட்டு? நீங்க சொல்ற பட்டனைத்தானே அமுக்கப் போறா" என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். – ஒரு தாய், வேளச்சேரி.

பதில்: சகோதரி, இன்றைக்கே படிவம் 6ஐ நிரப்புங்கள். அதில் மாற்றுத்திறனாளி என்பதைக் குறிப்பிடவும் இடம் உண்டு. 18 வயது நிறைந்த இந்தியக் குடிமகளின் பெயரை மனநிலையைக் காரணம் காட்டி நீக்க வேண்டுமானால், மனநலம் சரியில்லாதவர் என்று தகுதியுள்ள நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்திருக்க வேண்டும் என்கிறது 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். மருத்துவச் சான்றிதழில் எழுதியிருக்கும் சதவீதமோ, அக்கம்பக்கத்தாரின் அபிப்பிராயமோ அந்தத் தீர்ப்புக்கு ஈடாகாது.

அவர்கள் சொன்னதில் ஒன்றை மட்டும் நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். நீங்கள் சொல்லும் பொத்தானை அவள் அழுத்தக் கூடாது. ஆகவே தேர்தல் வரும் வரை காத்திராமல், இப்போதிருந்தே வீட்டில் பழக்குங்கள். இரவு உணவுக்கு உட்காரும்போது, தெருவிளக்கு எரியாததைப் பற்றியும் குப்பை வண்டி வராததைப் பற்றியும் அவளிடம் என்ன தோன்றுகிறது என்று கேளுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள், நீங்களே முடித்து வைக்காதீர்கள். பிறகு அட்டையில் கற்பனைச் சின்னங்களை ஒட்டி, பக்கத்தில் பொத்தான் போல வட்டம் வரைந்து, அழுத்திப் பழகட்டும். அழுத்தியதும் பக்கத்து இயந்திரத்தின் கண்ணாடியில் 7 விநாடி தெரியும் சீட்டில் தன் சின்னம் வந்ததா என்று பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். யாருக்கு வாக்களித்தாள் என்று வீடு திரும்பிய பிறகு கேட்காதீர்கள். இது தாய்மாருக்குக் கடினம் என்று எனக்குத் தெரியும்.

கேள்வி: என் அண்ணனுக்குப் பார்வை இல்லை. வாக்குச்சாவடியில் தானே வாக்களிக்க முடியுமா? வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம் என்றும் சொல்கிறார்களே? – வாசகர், திருவொற்றியூர்.

பதில்: தானே வாக்களிக்கலாம். இயந்திரத்தில் வேட்பாளர் வரிசை எண்கள் பிரெய்லில் இருக்கும். வேட்பாளர் பெயர்கள் கொண்ட பிரெய்ல் தாளைத் தலைமை அலுவலரிடம் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுப் போய் அழுத்தலாம். பிரெய்ல் தெரியாவிட்டால் 18 வயது நிறைந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லச் சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல் விதிகள் அனுமதிக்கின்றன. அந்தத் துணைவர் அன்று வேறொருவருக்குத் துணையாக வரக் கூடாது.

40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்கள், தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாட்களுக்குள் படிவம் 12டி கொடுத்தால் வீட்டிலிருந்தே அஞ்சல் வாக்கு அளிக்கலாம். படுக்கையில் இருப்பவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் நடமாட முடிந்தவர்கள் வாக்குச்சாவடிக்கே போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நாம் எல்லோரும் வீட்டிலேயே வாக்களித்துவிட்டால், அந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சாய்தளம் எதற்கு என்று கேட்பார்கள். தேர்தல் முடிந்த மறுநாள் அதே படிகளில்தான் நம் குழந்தைகள் ஏற வேண்டும்.

கேள்வி: என் தங்கைக்குக் காது கேட்காது. வார்டுக் கூட்டத்துக்கு வந்தால் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கிறாள். – வாசகி, சைதாப்பேட்டை.

பதில்: சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள், சைகை மொழியைத் தொடர்பு மொழியாகவே சட்டம் ஏற்றிருக்கிறது. அது கிடைக்கும் வரை, பேசப்போகும் பொருள்களின் பட்டியலை முன்கூட்டியே தாளில் தரச் சொல்லுங்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடாமல் இருக்கக் கேட்டுக்கொள்ளுங்கள். காது கேட்பவர்களுக்கும் அது நல்லது. தகவல் உரிமைச் சட்டத்தில் பார்க்கவோ கேட்கவோ இயலாதவர்களுக்குத் தகவலைப் பெறுவதில் உதவி செய்வது தகவல் அலுவலரின் கடமை என்று எழுதியிருக்கிறது. உங்கள் தங்கை 10 ரூபாய் கட்டணத்தோடு தம் பெயரிலேயே ஒரு மனு அனுப்பி, கடந்த கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பைக் கேட்கட்டும்.

கேள்வி: நான் மாற்றுத்திறனாளி அல்ல. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். எங்கள் தெருவின் நடைபாதையை மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றபடி மாற்றக் கோரி, கையெழுத்து வாங்கி மாநகராட்சிக்கு மனு கொடுக்க நினைக்கிறேன். மாடியில் நடக்கும் எங்கள் சங்கக் கூட்டத்தில் எல்லோரும் இதை ஆதரித்தார்கள். மனுவில் என்னென்ன எழுத வேண்டும்? – வாசகர், அண்ணா நகர்.

பதில்: ஐயா, உங்கள் நல்ல மனத்துக்கு என் வணக்கம். மனுவை எழுதுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு தெருவில், நடைபாதையில் பைக் ஓட்டுகிறார்கள் என்று குடியிருப்போர் புகார் செய்ய, இரு முனைகளிலும் இரும்புக் கம்பங்கள் நடப்பட்டன. பைக்குகள் நின்றன. கம்பங்களுக்கு இடையே என் நாற்காலியும் நுழையவில்லை. முன்சக்கரங்கள் உள்ளே போய், பின்சக்கரங்கள் இரு பக்கமும் இடித்துக்கொண்டு நின்றன. மறுபடி சாலையில் இறங்கித் தண்ணீர் லாரிகளோடுதான் போனேன். மனு எழுதியவர்கள் எல்லோரும் நல்லவர்கள். அவர்களில் ஒருவர் சக்கர நாற்காலியில் இருந்திருந்தால் கம்பங்களை இன்னும் தள்ளி நடச் சொல்லியிருப்பார்.

ஆகவே உங்கள் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். வெள்ளைக் கோலோடு நடப்பவர் ஒருவர் இருப்பார். வாக்கர் பிடித்த பாட்டி இருப்பார். வெளியே வராததால் நீங்கள் பார்த்தேயிராத ஒருவரும் இருப்பார். அவர்களோடு நடைபாதையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒருமுறை போங்கள். மின்பெட்டி எங்கே வழிமறிக்கிறது, தூக்கிக் கட்டிய வாயில்களால் நடைபாதை எங்கே ஏறி இறங்குகிறது, மூடி இல்லாத பள்ளம் எங்கே என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள். அதுவே உங்கள் மனு. பள்ளம் போன்ற அவசரமானவற்றுக்கு 1913 என்ற மாநகராட்சி எண்ணில் உடனே புகார் பதிந்து, புகார் எண்ணை மனுவில் சேர்த்துவிடுங்கள்.

மனுவைப் படித்துக் காட்டி ஒப்புதல் பெற அடுத்த சங்கக் கூட்டத்துக்கு அவர்களையும் அழைப்பீர்கள். கூட்டம் மாடியில் நடக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கீழே கார் நிறுத்துமிடத்துக்கு மாற்றிய பிறகு அழையுங்கள்.